கப்பல் எங்கே என்று சொல்லக் கூடாது

மகளுக்குக் கடற்படையில் வேலை கிடைத்த அன்று, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி மாஸ்டரின் கார் முதல் முறையாகச் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனது. வண்டியை ஓட்டியவர் பயிற்சிக்கு வந்த ஒரு பல் டாக்டர். சிவப்பைப் பார்த்ததும் மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துவிடுவார் என்று நம்பி அவர் பேசாமல் இருந்துவிட்டார். மாஸ்டரோ கைபேசியில் வந்திருந்த செய்தியை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அதற்கு முன் அவரிடம் அப்படி ஒரு குறை யாரும் சொன்னதில்லை. இருபத்திரண்டு வருடமாக இடது பக்க இருக்கையில் உட்கார்ந்து, எதிரே ஒரு காகம் உட்கார்ந்திருந்தால்கூடப் பிரேக்கை அழுத்தி வந்தவர். ஊரில் அவருக்குப் பெயரே பிரேக் மாஸ்டர்தான்.

மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களை எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார வைத்து, ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப எப்படித் தெரியுது?" என்று கேட்பது அவள் வேலை. செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை. ஒரே மகள். மின்சார வேலை படித்தவள். ஆறு மாதப் பயிற்சி முடிந்து, இருநூற்றுப் பதினேழாம் எண் போர்க்கப்பலில் சேர்ந்தாள்.

அவள் சேர்ந்த பத்தாம் நாள் வீட்டுக்கு ஒரு கையேடு வந்தது. கடற்படையின் குடும்ப நலப் பிரிவு அனுப்பியது. இருபத்து நான்கு பக்கம். கப்பல் எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூடாது. எங்கே போகிறது, எப்போது திரும்பும் என்றும் கேட்கக் கூடாது. தவறுதலாகத் தெரிந்துவிட்டால் மறந்துவிட வேண்டும். கடிதங்களை மின்னஞ்சலில் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே படித்துப் பார்த்து, அடிக்க வேண்டியதை அடித்துவிட்டுக் கப்பலுக்கு அனுப்புவார்கள். இருபத்து மூன்று பக்கங்களுக்கு இப்படிப் போய், கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: மற்றபடி மனம்விட்டு எழுதுங்கள்.

அம்மா மனம்விட்டு எழுதினாள். இரண்டு பக்கம். மறுநாளே கடைக்குத் தொலைபேசி வந்தது.

"அம்மா, குடும்ப நலப் பிரிவுலேர்ந்து பேசறேன். உங்க கடிதத்துல மூணாவது பத்தியில ஒரு சிக்கல்."

"என்னங்க சிக்கல்?"

"எதிர்வீட்டுக்காரர் கப்பல் மாதிரி வீடு கட்டிட்டிருக்கார்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. அவ்வளவு பெரிசு."

"கப்பல்னு வரக் கூடாதும்மா."

"அப்ப யானை மாதிரின்னு போட்டுக்கோங்க."

"நாங்க எதுவும் போட முடியாதும்மா. அடிக்கத்தான் முடியும்."

அடித்தார்கள். பதினோரு நாள் கழித்து மகளிடமிருந்து பதில் வந்தது. "அன்புள்ள அம்மா, அப்பா, நான் நலம். சாப்பாடு பரவாயில்லை. அலை இல்லை. கை ரொம்ப வலிக்கிறது. எதிர்வீட்டுக்காரர் மாதிரி வீடு கட்டுகிறார் என்றால் என்ன அர்த்தம்?"

அம்மாவுக்கு அந்தக் கை வலிதான் கண்ணில் பட்டது. மாஸ்டருக்கு அலை பட்டது.

"அலை இல்லேங்கறா பாரு. அலையெல்லாம் கரையோரத்துலதான். அலை இல்லேன்னா நட்ட நடுக்கடல்னு அர்த்தம்."

"கை வலிக்குதுங்கறாளே?"

"சுக்கான் பிடிச்சிருப்பா."

"அவ கரண்ட் வேலைக்குப் போனவங்க."

"ஆள் பத்தாம இருந்திருக்கும். அவசரத்துக்கு யார் பிடிச்சா என்ன? என் பொண்ணு, வளைக்கறதுக்குச் சொல்லியா குடுக்கணும்?"

அடுத்த வாரம் பயிற்சிப் பள்ளிச் சுவரில், போக்குவரத்துச் சின்னங்கள் போட்ட அட்டைக்குப் பக்கத்தில் உலக வரைபடம் ஏறியது. அதில் சிவப்புத் தலை வைத்த ஒரு குண்டூசி. மகளுடைய ஒவ்வொரு கடிதத்துக்கும் அந்த ஊசி நகர்ந்தது. "வெயில்" என்று எழுதி அது பாதி அடிபட்டு வந்தால் ஊசி தெற்கே இறங்கும். "சளி பிடித்திருக்கிறது" என்றால் வடக்கே ஏறும். அந்த ஊசி ஒரு முறை பாலைவனத்தின் நடுவில் நின்றதை ஒரு மாணவி சுட்டிக்காட்டியபோது, மாஸ்டர் அதை இரண்டு அங்குலம் தள்ளிவைத்துவிட்டு, "ரகசியத்துக்காகக் கொஞ்சம் தள்ளிக் குத்தியிருந்தேன்" என்றார்.

வண்டியிலும் அதே பேச்சுதான். கிளட்ச்சை எப்போது விட வேண்டும் என்று கேட்டவர்களுக்குக் கப்பலில் கிளட்ச் உண்டா இல்லையா என்று விளக்கினார். தெருமுனை மருந்துக்கடைக்காரர் தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும், "மாஸ்டர், கப்பல் இப்ப எங்க?" என்று கேட்பார். மாஸ்டர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கல்லா மேல் குனிந்து, கடை முழுவதும் கேட்கும்படி ரகசியமாகச் சொல்வார். தலைவலி மாத்திரை வாங்க வந்தவர்கள் கடல் நிலவரமும் தெரிந்துகொண்டு போனார்கள். குடியிருப்போர் சங்கத்தில் 'கடலும் நாமும்' என்ற தலைப்பில் அவரைப் பேசச் சொன்னார்கள். அதுவரை அந்தச் சங்கத்தில் தண்ணீர்த் தொட்டியைப் பற்றித் தவிர வேறு நீரைப் பற்றி யாரும் பேசியதில்லை.

மகள் எப்போதாவது தொலைபேசியில் பேசுவாள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. மாஸ்டர் ஒலிபெருக்கியில் போட்டார். குரல் அடுத்த அறையிலிருந்து வருவது போல அவ்வளவு தெளிவு.

"அப்பா, நல்லா இருக்கேன். நீங்க பிரஷர் மாத்திரை போடறீங்களா?"

"அதை விடு. போன வாரம் நீ சூறாவளியில மாட்டிக்கிட்டியாமே?"

"இல்லப்பா, நான் வந்து..."

"சொல்லாதே, சொல்லாதே! எனக்குப் புரியுது."

அப்போது அவள் பின்னாலிருந்து, டிங் டிங் டிங் என்று ஒரு சத்தம் விடாமல் கேட்டது. அம்மா பாதிச் சோற்றில் கையை நிறுத்தினாள். அழைப்பு முடிந்ததும் கேட்டாள்.

"என்னங்க, அது லாரி ரிவர்ஸ் எடுக்கற சத்தம் மாதிரி இல்ல?"

வாழ்க்கையில் பாதி நாளை வண்டிகளைப் பின்னால் எடுக்கக் கற்றுத்தருவதில் கழித்த மனிதர், மோரை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "நங்கூரம் தூக்கறப்ப அப்படித்தான் சத்தம் வரும்."

அம்மா மோர்ச் சட்டியை மூடிவைத்தாள். ஆனால் அந்தச் சத்தம் அவள் காதிலேயே இருந்தது.

மகள் கப்பலில் சேர்ந்து ஏழு மாதம் ஆனபோது, கண்ணாடிக் கடைக்கு ஒரு பெயின்டர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். விரல் இடுக்கெல்லாம் சாம்பல் நிறச் சாயம். வேறு ஊர்க்காரர், தன் அக்கா வீட்டுக்கு வந்த இடத்தில் அப்படியே கண்ணையும் காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்.

"கிட்டத்துல மங்கலா இருக்கும்மா. நம்பர் எழுதற வேலை. கோடு கோணிக்கிட்டுப் போவுது."

"எதுல நம்பர் எழுதறீங்க? வண்டியிலயா?"

"கப்பல்லம்மா. இப்ப கையில இருக்கறது இருநூத்திப் பதினேழு."

சோதனைச் சட்டத்தில் கண்ணாடியைச் செருகிக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது. பிறகு எதையோ எடுத்துப் போட்டு, "இப்ப எப்படித் தெரியுது?" என்றாள்.

"ஒண்ணுமே தெரியலியேம்மா."

தூரப் பார்வைக்கான கண்ணாடியைப் போட்டிருந்தாள். மாற்றிவிட்டு, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தக் கப்பல் கடல்லதான இருக்கு?"

"கடல்லயா? அட நீங்க வேற. பத்து மாசமா டாக்குல தூக்கி நிக்க வெச்சிருக்கு. கீழ தண்ணியே கிடையாது. கட்டைக்கு மேல நிக்குது. அடிப்பக்கம் பூராத் துரு. எங்க ஆள் பத்தாம, கப்பல்ல வேலை பாக்கற பிள்ளைங்களையும் கூடச் சேத்து சுரண்ட விட்டிருக்காங்க. ஒரு பொண்ணு இருக்கு, கரண்ட் வேலைக்குன்னு வந்ததாம். கப்பல்ல கரண்டே இல்லியே, பாவம் அது என்ன பண்ணும்? எங்க ஆளுங்களவிட நல்லா சுரண்டும்மா அது."

அந்தக் கப்பல் கட்டும் தளம் இருந்த ஊர் பேருந்தில் மூன்று மணி நேரம். அவ்வளவுதான்.

அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, ஏழு மாதமாக மூன்று மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று ஆத்திரம் வந்தது. வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொல்லிவிடத்தான் நினைத்தாள். போனால், அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, "பெருங்கடலின் பேரிரைச்சலுக்கு நடுவே..." என்று சங்கக் கூட்டத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை, இலவசக் கண் பரிசோதனை முகாமுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினாள்.

தளத்தின் வாசலில் காவலாளி மறித்தார்.

"யாரைம்மா பாக்கணும்?"

"என் பொண்ணை. இருநூத்திப் பதினேழுல வேலை பாக்கறா."

"அப்படி ஒரு கப்பல் இங்க இருக்கான்னு நான் சொல்லக் கூடாதும்மா."

அவர் தலைக்குப் பின்னால், நாலு மாடி உயரத்துக்குச் சாம்பலும் துருவுமாக அந்தக் கப்பல் நின்றுகொண்டிருந்தது. தண்ணீரில் பார்த்தால் கப்பலாகத் தெரிந்திருக்கும். வெறும் பள்ளத்தில் கட்டைகளின் மேல் நிற்கும்போது, யாரோ பாதி கட்டிவிட்டு ஓடிப்போன கல்யாண மண்டபம் போல இருந்தது.

"உங்க பின்னாடி நிக்குதேங்க."

"நான் திரும்பிப் பாக்கலம்மா," என்றார் அவர். பிறகு என்ன தோன்றியதோ, குரலை இறக்கினார். "பன்னெண்டரைக்குச் சாப்பாட்டுக்கு ஆளுங்க வெளிய வருவாங்க. அந்த மரத்தடியில போய் உக்காருங்க."

"எந்தக் கப்பல் ஆளுங்க?"

"அதையும் சொல்லக் கூடாது."

பன்னிரண்டரைக்குக் கூட்டத்தோடு மகள் வந்தாள். தலையில் துணி கட்டி, முகமெல்லாம் செங்கல் தூள் அப்பியது போலத் துரு. புருவத்தில்கூட. கையில் இருந்த தண்ணீர் பாட்டில் நழுவியது.

"அம்மா!"

"என்னடி இது கோலம்?"

"நீ எப்படி இங்க... யார் சொன்னாங்க உனக்கு?"

"நடுக்கடல்லேர்ந்து நீந்தி வந்தேன். ஏண்டி, மூணு மணி நேரம்டி! பஸ்ல மூணே மணி நேரம்!"

மகள் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தாள். கண்ணீர் போன வழி மட்டும் முகத்தில் தோல் நிறம் தெரிந்தது. சாப்பாட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கதையைச் சொன்னாள்.

"கப்பல் எங்க இருக்குன்னு சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்கம்மா. கரையில நிக்கற கப்பலைப் பத்தியாவது சொல்லலாமான்னு கேட்டேன். கப்பல் எங்க இருந்தாலும்னா எங்க இருந்தாலும்தான்னுட்டாங்க."

"என் கடிதமெல்லாம் பதினோரு நாள் ஆகுதே, ஏன்?"

"அது ஊர்லேர்ந்து தலைமை ஆபீஸ் போய், அங்கேர்ந்து கப்பல் ரேடியோவுக்கு வரணும். ரேடியோவைக் கழட்டி ரிப்பேருக்கு அனுப்பிட்டாங்க. அதனால காகிதத்துல அச்சடிச்சு, வெள்ளிக்கிழமை ஜீப்ல கொண்டுவந்து குடுக்கறாங்க."

"அப்பாகிட்டயாவது சாடைமாடையா..."

"எங்கம்மா? வாயைத் திறந்தா சொல்லாதே புரியுதுங்கறார். உலக வரைபடம் வேற ஒட்டியிருக்காராம். நான் எப்படிம்மா சொல்றது, அப்பா, நான் ஏணி மேல நின்னு சுரண்டிட்டிருக்கேன்னு?"

அம்மா அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். காய்த்துப் போயிருந்தது. ஒரு கவளத்தை உருட்டி அந்தக் கையில் வைத்தாள். அன்றையிலிருந்து மூன்று மாதம், ஒரு செவ்வாய்கூட விடாமல் கண் முகாம் நடந்தது. ஊரில் இவ்வளவு பேருக்குக் கண் கோளாறா என்று மாஸ்டர் வியந்தார்.

அவர் அவளைக் கவனிக்கும் நிலையிலும் இல்லை. உள்ளூர் வாரப் பத்திரிகையின் நிருபர் ஒருவர் அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்திருந்தார். மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்கு மாறும்போது பேட்டி ஆரம்பித்தது. அடுத்த இதழில் மாஸ்டர் வரைபடத்துக்கு முன் நின்று ஊசியைச் சுட்டிக்காட்டும் படம். மேலே கொட்டை எழுத்தில்: 'கடற்கொள்ளையரை விரட்டும் நம் ஊர் மகள்'. கப்பல் இருக்கும் இடம், போகும் திசை, கொள்ளையரின் படகு எத்தனை என்பதுவரை எல்லாமே அதில் இருந்தது. மருந்துக்கடைக்காரர் அதை வெட்டி, இருமல் மருந்துகளுக்கு மேலே ஒட்டினார்.

எட்டாம் நாள் கடற்படையிலிருந்து பதிவுத் தபால் வந்தது. கப்பல் இருக்கும் இடத்தை வெளியிட்டது தொடர்பாக வரும் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். கீழே ஒரு துறைமுக ஊரின் விலாசம்.

மாஸ்டர் பயத்தில் கதவைச் சாத்திவிட்டு அதை இன்னொரு முறை படித்தார். அதே நேரத்தில், உள்ளுக்குள் எங்கோ ஒரு குளிர்ச்சியும் இருந்தது. வெளியிட்டது என்கிறார்கள் என்றால், தான் சொன்னது சரியாகத்தானே இருக்க வேண்டும்? கடிதத்தைச் சட்டைப்பைக்குள் நான்காக மடித்து வைத்தார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, "லைசென்ஸ் ஆபீஸ்ல வேலை, வர சாயங்காலம் ஆயிடும்" என்றார். "எனக்கும் முகாம் இருக்கு" என்றாள் அவள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் செருப்பு மாட்டிக்கொண்டார்கள். அவள் பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள். அவர் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' ஒட்டிய பயிற்சிக் காரில் கிளம்பினார்.

அந்த அலுவலகம் தளத்து மதிலை ஒட்டி, முதல் மாடியில் இருந்தது. ஜன்னலுக்குக் கனமான பச்சைத் திரை. மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. முன்னால் அந்தப் பத்திரிகைப் பக்கம். படத்தில் ஊசி இருந்த இடத்தைத் தொட்டுக் கேட்டார்.

"கப்பல் இங்க இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். நானாக் கணக்குப் போட்டேன்."

"எதை வெச்சு?"

"அலை இல்லேன்னு எழுதியிருந்தா."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். "கொள்ளையர் படகு ஆறுன்னு போட்டிருக்கே?"

"அது அஞ்சுதான் சார். நிருபர் ஒண்ணு சேத்துட்டார்."

"அஞ்சை யார் சொன்னது?"

மாஸ்டர் விட்டத்தைப் பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "சும்மா ஒரு... சுவாரசியத்துக்கு."

அதிகாரி பேனாவை மூடிவைத்தார். "இதைப் பாருங்க. நீங்க சொன்ன இடம் தப்புன்னு நான் சொல்லக் கூடாது."

மாஸ்டர் நிமிர்ந்தார். "அப்ப சரியா சார்?"

"சரின்னும் சொல்லக் கூடாது."

"புரியுது சார்."

"என்ன புரியுது?"

"நீங்க சொல்லக் கூடாதுங்கறது." அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்தது.

அதிகாரி அந்த வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்த மனிதரை இப்படியே திருப்பி அனுப்பினால் அடுத்த வாரப் பத்திரிகையில் நீர்மூழ்கிக் கப்பலும் வந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எழுந்தார். "ரொம்பப் புழுக்கமா இருக்கு, இல்ல?" என்று சொல்லித் திரையை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு, சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

மாஸ்டர் பார்த்தார். பள்ளத்தில் ஒரு கப்பல் நின்றது. மூக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு வெள்ளை எழுத்து. இரண்டு. ஒன்று. பிறகு பாதி ஏழு. அந்த ஏழுக்கு எதிரே, கயிற்றில் தொங்கும் பலகையில் இரண்டு பேர். ஒருவர் புதுக் கண்ணாடி போட்ட பெயின்டர். இன்னொன்று தலையில் துணி கட்டிய ஒரு பெண். எழுதும்போது நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டிருந்தாள். முதல் வகுப்பிலிருந்து அப்படித்தான் எழுதுவாள்.

அவருக்கு முதலில் காதெல்லாம் சூடேறியது. சூறாவளி, ஐந்து படகு, பேரிரைச்சல் என்று தான் பேசியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. அப்போது மகள் எட்டாத ஒரு மூலைக்காகப் பலகையிலிருந்து உடம்பை வெளியே வளைத்தாள். கீழே நாலு மாடிப் பள்ளம். மாஸ்டரின் கால் தானாகத் தரையை ஓங்கி மிதித்தது. மேஜை மேல் இருந்த தண்ணீர் டம்ளர் குலுங்கியது.

"நான் எதையும் காட்டல," என்றார் அதிகாரி நாள்காட்டியைப் பார்த்தபடி.

"நான் எதையும் பாக்கல சார்."

கப்பல் இருக்கும் இடத்தைப் பற்றி இனி எவரிடமும் எதுவும் பேச மாட்டேன் என்று எழுதிய தாளில் அவர் கையெழுத்துப் போட்டார். ஏழு மாதமாக அவர் பேசியபோது ஒன்றும் தெரியாது. பிறகு மூன்று மாதம் பேசியபோதும் ஒன்றும் தெரியாது. தெரிந்த அன்றே வாயைக் கட்டிவிட்டார்கள்.

கீழே இறங்கி வாசலுக்கு வந்தார். மரத்தடியில், டிபன் பாக்ஸைத் திறந்தபடி அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்கள்.

"கண் முகாம் இங்கதானா?" என்றார் அவர்.

"லைசென்ஸ் ஆபீஸை இங்க மாத்திட்டாங்களா?" என்றாள் அவள்.

அவர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எங்கங்க சொல்றது? நீங்கதான் நங்கூரம் தூக்கிட்டீங்களே."

பன்னிரண்டரைக்கு மகள் வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் நாலடி தள்ளியே நின்றுவிட்டாள். கையில் வெள்ளைச் சாயம் காயாமல் இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"கோபமாப்பா?"

மாஸ்டர் கப்பலை நிமிர்ந்து பார்த்தார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஏழுதான் கொஞ்சம் சாய்வா போகுது."

"ஏழு சாய்வாத்தாம்ப்பா இருக்கும்."

"அது சரி." இன்னும் ஏதோ கேட்க வேண்டும் போல இருந்தது அவருக்கு. "கொள்ளைக்காரன்னு ஒருத்தனைக்கூடவா பிடிக்கல நீங்க?"

"ஒரு பூனை பிடிச்சோம்ப்பா. எஞ்சின் ரூம்ல குட்டி போட்டிருந்துச்சு. நாலு குட்டி."

"நாலா?" என்றார் அவர், மிகுந்த அக்கறையோடு. மூன்று பேரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடியும்வரை அவர் அவளுடைய காய்த்துப்போன கையைப் பார்ப்பதும் பிறகு கப்பலைப் பார்ப்பதுமாக இருந்தார். கிளம்பும்போது, "அந்தப் பலகையில உக்காரும்போது இடுப்புல கயிறு கட்டிக்கோ," என்று மட்டும் சொன்னார். திரும்பும் வழியில் காரை மனைவி ஓட்டினாள். அவளுக்கு அவர் எப்போதோ கற்றுக்கொடுத்திருந்தார். மூன்று மணி நேரமும் அவர் ஒரு தடவைகூடக் குறை சொல்லவில்லை என்பதைக் கண்டு அவள்தான் பயந்து போனாள்.

மறுநாள் காலை மருந்துக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினார். "மாஸ்டர், கப்பல் இப்ப எங்க?"

"சொல்லக் கூடாது."

"எங்கிட்டயா?"

"யார்கிட்டயும். எழுதிக் குடுத்திருக்கேன்."

மருந்துக்கடைக்காரர் முகம் மாறிவிட்டது. இத்தனை நாள் கொள்ளையரைப் பற்றியே வாய் ஓயாமல் பேசிய மனிதர் வாயை மூடிக்கொண்டார் என்றால் விஷயம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்! மாலைக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் வீட்டு வேலையை ஒரு நாள் நிறுத்திவிட்டு வந்து, போர் வருமா, மாடி கட்டலாமா வேண்டாமா என்று கேட்டுவிட்டுப் போனார். சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் மாஸ்டருக்குக் கைவைத்த நாற்காலி போட்டார்கள். அவர் எழுந்து, "ஐயா, ஒண்ணுமே இல்லீங்க," என்று மனதாரச் சொன்னார். எவ்வளவு அடக்கம் என்று கைதட்டினார்கள். பேசி வாங்கிய மரியாதையைவிடப் பேசாமல் வாங்கிய மரியாதை பல மடங்கு என்பது அவருக்கு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அவரும் இப்போது செவ்வாய்தோறும் பள்ளிக்கு விடுமுறை விட்டார். இருவரும் காரில் போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். காவலாளிக்கும் ஒரு பங்கு சாப்பாடு போனது. அவர் அதையும் திரும்பிப் பார்க்காமலேயே வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"அம்மா, இந்த செவ்வாய்க்கிழமை வராதீங்க."

"ஏன், வேலையா?"

"வராதீங்க, அவ்வளவுதான்." குரல் இறுகி இருந்தது. "அடுத்த செவ்வாயும் வேண்டாம். அப்பாகிட்ட மாத்திரை போடச் சொல்லு."

அம்மா போனை வைத்துவிட்டு அதை அப்படியே கணவரிடம் சொன்னாள். அவர் எழுந்து போய் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். பள்ளத்தில் தண்ணீர் விட்டுவிட்டார்கள் என்று இருவருக்கும் புரிந்தது.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் ஒரு தகவலும் இல்லை. அம்மா தினம் ஒரு கடிதம் எழுதினாள். குடும்ப நலப் பிரிவிலிருந்து அழைத்து, "அம்மா, முந்தாநாள் எழுதினதையே இன்னும் படிச்சு முடிக்கல, கொஞ்சம் மெதுவா எழுதுங்க," என்று கெஞ்சினார்கள். கடையில் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டு, வந்தவர் படித்து முடித்தது தெரியாமல் அவள் நின்றாள். மாஸ்டர் நேரான வெற்றுச் சாலையில் பிரேக்கை மிதித்தார். பல் டாக்டர் லைசென்ஸ் வாங்கிவிட்டதால் தப்பித்தார். புதிதாகச் சேர்ந்த ஒரு தையற்காரி, கழுத்து வலிக்கிறது என்று இரண்டு நாள் வரவில்லை. செய்தியில் எங்கோ புயல் சின்னம் என்று சொன்னபோது அவர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றார். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

இருபதாம் நாள் மதியம் அழைப்பு வந்தது. தெரியாத எண். குரல் விட்டு விட்டு, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல வந்தது.

"அப்பா..."

"எங்கேர்ந்து..." என்று ஆரம்பித்து, பாதியில் விழுங்கிக்கொண்டார். "நல்லா இருக்கியாம்மா?"

"பத்தொன்பது நாளா வாந்திப்பா. கிளம்பின அன்னிக்கு ஆரம்பிச்சது. இன்னிக்குத்தான் ரெண்டு பிஸ்கட் உள்ள நிக்குது."

அம்மா போனைப் பிடுங்கினாள். "வெறும் வயித்தோட இருக்காதேடி! தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடி. படுத்துக்கோ. உங்க பெரியவங்ககிட்ட எங்கம்மா சொன்னாங்கன்னு சொல்லு."

"அம்மா, இது போர்க்கப்பல்மா."

"இருந்தா என்ன? அவங்களுக்கு அம்மா இல்லியா?"

மாஸ்டர் போனைத் திரும்ப வாங்கினார். அவர் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்கலாமா கூடாதா என்று கையேட்டின் இருபத்து நான்கு பக்கத்தையும் மனதுக்குள் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கடல் எப்படிம்மா இருக்கு?"

"நான் எங்கப்பா பாத்தேன்? முழு நேரமும் அதையேதான் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன். நீலமா, பெரிசா..."

"கடலையா?"

"வாளியைப்பா."